மலிவுத் துணி யார் செலவில்?

மாதம் 16,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறவர் 199 ரூபாய்க்கு ஒரு குர்த்தி வாங்கினால் தவறா? கோவையில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் கேட்டது இது. விடுதிக்கு, வீட்டுக்கு அனுப்ப, பஸ்ஸுக்கு, போனுக்கு என்று போக, துணிக்கென்று அவளிடம் மிஞ்சுவது மாதம் ஐந்நூறு ரூபாய். பங்களாதேசத்தில் ஆடைத் தொழிற்சாலை இடிந்து விழுந்த காணொளியைப் பார்த்ததிலிருந்து மலிவுத் துணிக் கடைக்குள் நுழையவே மனசு வரவில்லை என்றாள். "சரி, நல்லதா வாங்கலாம்னு பார்த்தா, நியாயமான கூலி கொடுத்துத் தைச்சதுன்னு போட்டு ஒரு குர்த்தி 2,800 ரூபாய்ங்கறாங்க. நாயமா இருக்கறதுக்கும் வசதி வேணுமா சித்தி?"

ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை. ஆளுக்கொரு டம்ளர் டீயை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். அவளைப் போலக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் விலையைப் பிரித்துப் பார்ப்போம். சாதாரணப் பருத்தி டிசர்ட் ஒன்று 150 கிராம் எடை இருக்கும். வெட்டும்போது விழும் கழிவையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 190 கிராம் துணி வேண்டும். பனியன் நூல் கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூலுக்கு மட்டும் 47 ரூபாய் ஆகிறது. பிறகு நிட்டிங் கூலி, சாயக் கூலி, துணி சுருங்காமல் இருக்க காம்பாக்டிங், கட்டிங், தையல், பிசிறு வெட்டுவது, செக்கிங், அயர்னிங், பேக்கிங். அப்புறம் லாரி வாடகை, கடை வாடகை, கரன்ட், ஜி.எஸ்.டி., கடைக்காரர் லாபம். இத்தனையும் சேர்ந்த ஒரு பொருள் 99 ரூபாய்க்குத் தொங்குகிறது என்றால், நடுவில் யாரோ ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

நூல் விலையைச் சந்தை முடிவு செய்கிறது, கரன்ட் கட்டணத்தை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது. இவற்றில் பேரம் பேச முடியாது. வளைக்க முடிந்தவை மூன்றுதான்: தைக்கிறவரின் கூலி, சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு, துணியின் தரம். மலிவு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து வருகிறது. பல சமயம் மூன்றிலிருந்தும்.

கூலியைப் பார்ப்போம். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற திருப்பூரில் கூலியை ஷிப்ட் கணக்கில் சொல்வார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுந்தால் ஒன்றரை ஷிப்ட். வரம்புக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் பனியன் கம்பெனி வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள், "ஒன்றரை" என்பது ஒன்றரை மடங்குக் கூலியாகத்தான் பல இடங்களில் புரிந்துகொள்ளப்படுகிறது. உள்ளே போனால் வரிசை வரிசையாகப் பவர் டேபிள்கள். ஒரு டெய்லர் ஓவர்லாக் மெஷினில் தோளை மட்டும் இணைக்கிறார். சில விநாடிகளில் ஒரு தோள், உடனே அடுத்தது. அவருக்குக் கைமடியாக நிற்கும் பெண் துண்டை எடுத்து அடுக்கிக் கொடுத்து, நூலை வெட்டி, தைத்ததை வாங்கிக் கட்டுகிறார். அடுத்த மெஷினில் கழுத்து, அதற்கடுத்ததில் கை. ஒரு டிசர்ட்டை முழுதாகத் தைத்தவர் என்று அந்தக் கூடத்தில் யாருமில்லை, அவரவர் தையலுக்கு அவரவர் பைசா. வெளிநாட்டு ஆர்டர்காரர் நாளைச் சுருக்கினால் ராத்திரி வேலை கூடும். பீஸுக்கு இரண்டு ரூபாய் குறைத்தால் அந்த இரண்டு ரூபாய் முதலாளியிடமிருந்து கான்ட்ராக்டருக்கும், அவரிடமிருந்து இந்தக் கைமடிப் பெண்ணுக்கும் இறங்கி வரும். அவருக்குக் கீழே யாரும் இல்லை.

நூற்பு மில்களின் கதை இன்னும் வேதனையானது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரை மேற்கு மாவட்டங்களிலும் திண்டுக்கல் பக்கமும் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளை மில் விடுதியில் தங்கவைத்து மூன்று வருஷம் வேலை வாங்குவது, கடைசியில் கல்யாணச் செலவுக்கென்று முப்பதாயிரம், நாற்பதாயிரம் என மொத்தமாகத் தருவதாகச் சொல்வது. நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்தவர்களுக்கு அந்தப் பணம் கிடைக்காமல் போனது. அந்தப் பணம் அவர்களுடைய சம்பளத்திலிருந்தே பிடித்துவைத்தது. உலகக் கடைகளில் தொங்கிய மலிவுத் துணியின் நூலில் இந்தப் பிள்ளைகளின் மூன்று வருஷங்களும் இருந்தன.

அக்கா மகள் பார்த்த காணொளி ராணா பிளாசாவுடையது. 2013 ஏப்ரல் 24, டாக்காவை அடுத்த சாவர். எட்டு மாடிக் கட்டடம், மேல் தளங்களில் ஐந்து தையல் ஆலைகள். முந்தின நாளே சுவரில் பெரிய விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். தைக்கிறவர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டி. 1,134 பேர் செத்தார்கள். வங்கி ஊழியர்கள் வீட்டில் இருந்தார்கள், தையல்காரர்கள் இடிபாட்டில் கிடந்தார்கள். அந்த நாட்டில் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது மாதம் 3,000 டாக்கா.

இதில் நம் கேள்விக்கு முக்கியமான விவரம் ஒன்று இருக்கிறது. ராணா பிளாசாவில் துணி தைத்து வாங்கியவர்கள் பிரைமார்க் போன்ற மலிவுக் கடைக்காரர்கள் மட்டுமல்ல. பெனட்டனும் இருந்தது. அது சல்லிசாக விற்கிற கம்பெனி கிடையாது. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே கூலிக்கு, இரண்டு விதமான கடைகளுக்கும் தைத்தார்கள். எனவே விலையை வைத்து நியாயத்தை அளக்காதீர்கள். 199 ரூபாய்த் துணியில் அநியாயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக 2,800 ரூபாய் கொடுத்துவிட்டால் தைத்தவருக்கு நல்ல கூலி போய்விட்டது என்று உறுதியில்லை. ஐரோப்பாவில் 29 யூரோவுக்கு விற்கும் ஒரு டிசர்ட்டில் தைத்த தொழிலாளர்களுக்குப் போவது 18 சென்ட் என்று ஒரு கணக்கு உண்டு. கிளீன் கிளாத்ஸ் கேம்பெய்ன் என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு நெடுநாளாகச் சொல்லிவருவது அது. நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கூலியை இரண்டு மடங்காக்கினாலும் விலை கால் யூரோகூட ஏறாது. கூலி குறைவாக இருப்பதற்கு நீங்கள் குறைவாகக் கொடுப்பதுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், ஒரு கிலோ துணிக்குப் பல பத்து லிட்டர் தண்ணீரும் வேண்டும். வேலை முடிந்ததும் நிறமும் உப்பும் கலந்த அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதில்தான் சாயக் கூலி அடங்கியிருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யலில் அது பல வருஷம் நேராகப் போனது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவைத் தேக்கி வைக்கும் குட்டையாக மாறியது. அணையின் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகளே நீதிமன்றம் போனார்கள். தங்கள் பாசனத்துக்கென்று கட்டிய அணை தங்கள் கிணற்றையும் தென்னையையும் கெடுத்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். கழிவு நீரில் ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உத்தரவு நடைமுறைக்கு வராததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. வேலை இழந்தவர்களின் கஷ்டம் உண்மையானது, விவசாயிகளின் கஷ்டமும் உண்மையானது.

அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்து, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பையும் மீட்டெடுக்கத் தொடங்கினார்கள். இந்தியாவின் ஆயத்த ஆடை ஊர்களில் திருப்பூர் இதில் முன்னோடி. அதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் கொதிகலனுக்கும் சவ்வுக்கும் ஆகிற செலவு சாயக் கூலியில் ஏறிவிட்டது. இந்தச் செலவைச் செய்யாத ஊரில் சாயம் போட்டால் துணி மலிவாகக் கிடைக்கும். அங்கே மிச்சமாகிற ரூபாயை அந்த ஊர் ஆறு கட்டுகிறது.

துணியின் தரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மெலிதான துணி, பாலியெஸ்டர் கலப்பு, இரண்டாம் சலவையிலேயே தொங்கும் கழுத்து. உலகில் உற்பத்தியாகும் இழையில் இன்று பாதிக்கு மேல் பாலியெஸ்டர்தான். பெட்ரோலியத்திலிருந்து வருவது. துவைக்கத் துவைக்க நுண்ணிழைகளாக உதிர்ந்து தண்ணீரில் கலப்பது. நம் ஊர் வெயிலுக்கு உடம்பில் ஒட்டிக்கொண்டு வியர்வை நாற்றம் பிடிப்பது. வேண்டாம் என்று சொல்ல அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

இதுவரை ஆலை. கடையையும் மறக்கக் கூடாது. 2010இல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் பார்த்தவர்களுக்குத் தி.நகர் ரங்கநாதன் தெருவின் விற்பனைப் பெண்கள் ஞாபகத்தில் இருப்பார்கள். காலையிலிருந்து இரவுவரை நின்றே வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் இயற்றியதே 2021இல்தான். கேரளம் அதற்கு மூன்று வருஷம் முன்பே செய்துவிட்டது. துணிக்கடைக்குப் போகும்போது முதலில் நான் பார்ப்பது, விற்பவர்களுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது கிடக்கிறதா என்பதைத்தான்.

"இவ்வளவையும் தெரிஞ்சுக்கிட்டா அம்மணமாத்தான் நிக்கணும்" என்றாள் அவள். அப்படி இல்லை. இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு இரண்டு துணி எடுக்கிற குடும்பம், தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மலிவுக் கடையில் எடுத்தால் அதில் குற்றம் காண யாருக்கும் உரிமை கிடையாது. நல்ல துணி உடுத்துவது மானம் சார்ந்த விஷயம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடுவதற்கே பல பத்தாண்டுகள் போராடி, அடிவாங்கி, 1859இல் திருவிதாங்கூர் அரசரின் ஆணையைப் பெற்றார்கள். உடுப்பு மறுக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் புதுத் துணியில் மகிழ்ந்தால் அதற்குக் குறுக்கே எந்தத் தத்துவமும் நிற்கக் கூடாது. நான் பேசுவது மாதம் இரண்டு, மூன்று என்று எடுத்து, அலமாரியை மூட முடியாமல் வைத்திருக்கிறவர்களிடம். சம்பளம் குறைவாக இருந்தாலும் அந்தப் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அவளுக்கும் இருந்தது.

அவளுடைய கணக்கையே போட்டுப் பார்த்தோம். மாதம் ஐந்நூறு என்றால் வருஷத்துக்கு 6,000 ரூபாய். அதில் 199 ரூபாய்த் துணியாக 30 வரை எடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றும் பத்துத் தடவை போடுவதற்குள் கழுத்து தொங்கும், இல்லாவிட்டால் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிடும். ஒரு தடவை உடுத்த ஆகிற செலவு 20 ரூபாய். 650 ரூபாய்க்கு ஒரு கெட்டியான பருத்திக் குர்த்தி எடுத்து வாரம் இரண்டு முறை இரண்டு வருஷம் போட்டால் 200 தடவைக்கு மேல் ஆகும். ஒரு தடவைக்கு மூன்றே கால் ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வருஷத்துக்கு ஆறு எடுத்தால் 3,900. கையில் 2,100 மிச்சம். தையல்காரருக்கும், செருப்புக்கும், ஒரு நல்ல குடைக்கும் அது போதும். அவளுக்குக் கூடுதல் சம்பளம் தேவைப்படவில்லை, 24 துணிகளைக் குறைத்தால் போதுமாக இருந்தது.

முதல் 650ஐ ஒரே தடவையாக எடுத்துவைப்பதுதான் சிரமம். ஒரு மாதம் எதுவும் வாங்காமல் இருந்தால் வந்துவிடும். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டி 30 சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள். 1935இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அது, எந்தச் சங்கத்தில் நெய்தது என்று கேட்டால் சொல்ல ஆள் உண்டு. சுங்குடியோ, கோவை காட்டன் சேலையோ, வேட்டி துண்டோ, கைத்தறி என்றாலே ஆயிரக்கணக்கில் என்ற பயம் அங்கே தேவையில்லை. வேறு கடையில் கைத்தறி என்று சொன்னால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது நம் ஊரில் சாதாரணம்.

ஆயத்த ஆடையே எடுப்பதானாலும் திருப்பூர்க்காரர்கள் துணியைப் பார்க்கிற விதத்தில் பார்த்து எடுக்கலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் தெளிவாகத் தெரியக் கூடாது. கழுத்து ரிப்பை இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். தோள் தையலின் இரு பக்கமும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், தையல் பல்லிளித்தால் வைத்துவிடுங்கள். உள்பக்கம் திருப்பி, தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். உள்ளே துணி இருந்தால் உடம்பு கூடினாலும் பிரித்துத் தைத்துப் போடலாம். நம் அம்மாக்கள் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்கும்போது "உள்ள மடிச்சு விட்டுத் தைங்க, அடுத்த வருஷத்துக்கும் ஆகோணும்" என்று சொன்னதை இன்றைக்குச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

திருப்பூர் காதர்பேட்டைச் சரக்கைப் பற்றியும் கேட்டாள். ஆர்டர் ரத்தானதும், எண்ணிக்கையில் கூடுதலாகத் தைத்ததும், சின்னக் குறைக்காகக் கழித்ததும் அங்கே வருகிறது. ஏற்கெனவே தைத்துக் கிடப்பதை வாங்குவது நல்லதுதான், கெட்டித் துணி மலிவாகவும் கிடைக்கும். ஆனால் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று சொல்லி விற்பதெல்லாம் மிச்சம் இல்லை. அந்தப் பெயருக்காகவே புதிதாகத் தைப்பதும் கலந்திருக்கும். மேலே சொன்ன சோதனைகள் அங்கேயும் பொருந்தும்.

எனக்கு மிகப் பிடித்த வழி, துணி எடுத்துத் தைப்பது. மீட்டர் 140 ரூபாய்க்கு இரண்டரை மீட்டர் பருத்தி எடுத்தால் 350. தையல் கூலி 250. மொத்தம் 600. தைத்தவர் யார் என்று தெரியும், கூலியை அவர் கையிலேயே கொடுக்கிறோம், அளவும் நம் உடம்புக்கு. இதைவிடச் சுருக்கமான நியாய வணிகம் ஏதும் எனக்குத் தெரியாது.

தைப்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, பழுது பார்ப்பது. எங்கள் தெரு முனையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷினைப் போட்டு ஆல்ட்ரேஷன் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சட்டையின் காலர் கழுத்தில் உரசி உரசி மடிப்போரம் நூல் பிரிந்து போயிருக்கும், மற்றபடி சட்டை நன்றாகவே இருக்கும். அதைக் கொடுத்தால், பாதி பிளேடால் காலரும் பட்டியும் சேரும் இடத்தில் தையலை ஒவ்வொன்றாக அறுக்கிறார். துணியில் ஒரு கீறல் விழாது. காலர் தனியாகக் கையில் வந்ததும் பழைய நூலைத் தட்டிவிட்டு, அதைத் தலைகீழாகத் திருப்பி, நடுப்புள்ளியை நகத்தால் கீறி அடையாளம் வைத்து, மறுபடி பட்டிக்குள் செருகித் தைக்கிறார். பிரிந்த பக்கம் அடியில் மறைந்துவிட, வெயில் படாமல் நிறம் மாறாத பக்கம் மேலே வருகிறது. கூலி 50 ரூபாய். அந்தச் சட்டைக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயுசு. காலர் திருப்பத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. யாரும் கொண்டுவந்து கொடுக்காததால் அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ளவில்லை என்கிறார் அவர். ஜிப் மாற்ற, கை சுருக்க, ரஃபூ போட, ஓரம் அடிக்க இப்படி ஒருவர் இன்னும் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கிறார்.

பெண்களுக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது. "போன கல்யாணத்துக்கும் இதைத்தானே கட்டுனே?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள். இப்போது அந்த வேலையைப் போன் புகைப்படம் செய்கிறது. ஒரே உடுப்பில் இரண்டு படம் போடக் கூடாது என்று இளம் பெண்களே தங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொள்கிறார்கள். மலிவுத் துணி வியாபாரம் நிற்பது பெருமளவு இந்தக் கூச்சத்தின் மேல்தான். ஆமாம், அதே சேலைதான், எனக்குப் பிடித்த சேலை என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடியும். அவளிடம் நான் கேட்டுக்கொண்டவற்றில் இதுதான் கடினமானது என்று எனக்குத் தெரியும்.

பழையதைத் தானம் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி போனது. வீடிழந்து நின்ற மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. குவியல் குவியலாகச் சாலையோரம் கிடந்தது. அவர்களுக்கும் மானம் உண்டு. உலக அளவில் இதே கதைதான். பணக்கார நாடுகள் கழித்துவிடும் துணி கானாவின் கண்டமாண்டோ சந்தைக்கும் சிலியின் அட்டகாமா பாலைவனத்துக்கும் போய்ச் சேர்கிறது, விற்காதது அங்கேயே குப்பையாகிறது. அண்ணன் சட்டை தம்பிக்கு, அத்தை சேலை மருமகளுக்கு என்று தெரிந்தவர்களுக்குள் கைமாறுவது நல்லது. கிழிந்த பருத்தி வேட்டி பிள்ளைத் துணியாகவும், பிறகு கைப்பிடித் துணியாகவும், கடைசியில் தரை துடைக்கவும் ஆகும். பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, தரை துடைக்கக்கூட உதவாது.

டீ ஆறிப்போன பிறகு கடைசியாக ஒன்று கேட்டாள். "எல்லாரும் வாங்கறதைக் குறைச்சா திருப்பூர்ல வேலை போயிருமே சித்தி?"

நேர்மையான கேள்வி, அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அடியோடு புறக்கணியுங்கள் என்று ராணா பிளாசாவுக்குப் பிறகு பங்களாதேசத் தொழிற்சங்கங்கள் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது கையெழுத்து. 2013 மே மாதத்தில் தொழிற்சங்கங்களும் உலகக் கம்பெனிகளும் சேர்ந்து தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. கையெழுத்திட்ட இருநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை அது சட்டப்படி கட்டுப்படுத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் பொறியாளர்கள் போய்த் தூண்களையும் மின்கம்பிகளையும் அவசர வழிகளையும் சோதித்தார்கள். பூட்டிய கதவுகள் மாற்றப்பட்டன. வாங்குபவர்களின் இரக்கத்தால் மட்டும் நடந்ததில்லை இது, கம்பெனி தட்டிக்கழிக்க முடியாத காகிதம் ஒன்று இருந்ததால் நடந்தது.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் எச் அண்ட் எம் போன்ற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்த ஆலை ஒன்றில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் மீது குற்றச்சாட்டு. அந்த ஆலைப் பெண்கள் தங்கள் தொழிற்சங்கத்தின் மூலம் விடாமல் போராடி 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார்கள். பாலியல் தொல்லை, சாதி இழிவு எதுவானாலும் தளத்தில் இருக்கும் பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்களே புகாரை எடுத்துச் செல்ல அது வழிசெய்தது. ஆலை கேட்காவிட்டால் ஆர்டர் கொடுக்கும் கம்பெனி அதன் மீது நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டது. தினக்கூலி வாங்கும் பெண்கள் சாதித்தது இது. வேலையும் இருக்க வேண்டும், அந்த வேலையில் உயிரும் மானமும் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. நாம் குறைவாக, கெட்டியாக வாங்கி, தைத்தவருக்கு உரிய கூலியைச் சேர்த்துக் கொடுக்கிற வியாபாரத்தில் ஊர் அழியாது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகக் குறைந்தாலும் அதே சம்பளம் வர வழி வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வாங்குகிறவர்கள் பக்கத்தில், பணம் இல்லாதவர்களாலும் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. எந்தெந்த ஆலைகளில் தைக்கிறோம் என்ற பட்டியலை உலகப் பெரிய கம்பெனிகள் பல இப்போது வெளியிடுகின்றன. கேட்டவர்கள் இருந்ததால் வெளியிட்டார்கள். நம் ஊர்க் கடைகளிடம் அந்தக் கேள்வி பெரும்பாலும் போய்ச் சேர்வதே இல்லை. அடுத்த முறை துணி எடுக்கும்போது, "இது எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் தைத்தது?" என்று கேளுங்கள். விற்பனைப் பெண்ணைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம், அவருக்குத் தெரிந்திருக்காது. மேனேஜரிடம் கேளுங்கள், பில்லில் இருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள், பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். விற்பவர்கள் உட்கார இருக்கை இல்லையென்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள், சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. இதற்கு 2,800 ரூபாய் வேண்டியதில்லை.